ஒரே பிறந்தநாள், தனித்தனி வளர்ச்சி

காப்பாரில் உள்ள அரசாங்கச் சுகாதார நிலையத்திற்கு ஒரு தாய் தம் இரட்டைக் குழந்தைகளைக் கொண்டு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைகள் இருவரும் ஒரே நாளில், சில நிமிட இடைவெளியில் பிறந்தவர்கள். ஆயினும், அவர்களின் எடை, உயரம், தலைச் சுற்றளவு ஆகியவற்றைத் தாதி ஒரே ஏட்டில் எழுதுவதில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிச் சுகாதாரப் பதிவேடும் தனி வளர்ச்சி வரைபடமும் உண்டு. பிறந்தநாள் ஒன்றாக இருந்தாலும் பிள்ளைகள் இருவர் என்பதை இந்த எளிய நடைமுறை நமக்கு உணர்த்துகிறது.

கருவுற்ற ஒரே முட்டை இரண்டாகப் பிரிந்து வளர்ந்தால் ஒருகரு இரட்டையர் பிறக்கின்றனர். அவர்கள் ஒரே பாலினத்தவராகவும் தோற்றத்தில் ஒத்தவராகவும் இருப்பர். இரண்டு முட்டைகள் தனித்தனியே கருவுற்றால் பிறப்பவர்கள் இருகரு இரட்டையர். அவர்களில் ஒருவர் ஆணாகவும் மற்றவர் பெண்ணாகவும் இருக்கலாம். 2021ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வின்படி, உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 16 இலட்சம் இணை இரட்டையர் பிறக்கின்றனர். அதாவது, பிறக்கும் 42 குழந்தைகளில் ஒருவர் இரட்டையர் ஆவார். பெண்கள் முன்பைவிடப் பிந்திய வயதில் தாய்மை அடைவதும், செயற்கைக் கருத்தரிப்பு முறை பெருகியிருப்பதும் இதற்கு முக்கியக் காரணங்களாகும்.

பொதுவாகக் கர்ப்பக் காலம் 40 வாரங்களாகக் கணக்கிடப்படுகிறது. கருப்பையில் இடம் பகிர்ந்து வளரும் குழந்தைகள் பெரும்பாலும் அதற்கு முன்னரே பிறந்துவிடுகின்றனர். அவர்களுள் பலரின் எடை 2.5 கிலோகிராமுக்கும் குறைவாக இருக்கும். எனவே, குறைமாதக் குழந்தையின் வளர்ச்சியை மதிப்பிடும்போது மருத்துவர்கள் 'திருத்திய வயது' என்னும் கணக்கைப் பயன்படுத்துகின்றனர். எடுத்துக்காட்டாக, 32ஆம் வாரத்தில் பிறந்த குழந்தை 8 வாரம் முந்திப் பிறந்துள்ளது. அக்குழந்தைக்கு 6 மாதம் ஆகும்போது, அதனிடம் 4 மாதக் குழந்தையின் திறன்களையே எதிர்பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளை உட்கார்ந்துவிட்டதே என்று பெற்றோர் கலங்க வேண்டியதில்லை. ஏறத்தாழ இரண்டு வயதுவரை இக்கணக்கு பின்பற்றப்படும். ஆனால், தடுப்பூசிக்கு இது பொருந்தாது. பிறந்த நாளிலிருந்தே மாதங்களைக் கணக்கிட்டு, உரிய காலத்தில் தடுப்பூசி போட வேண்டும்.

குழந்தைகள் வீட்டிற்கு வந்ததும் பெற்றோரின் உழைப்பு பன்மடங்காகிறது. பிறந்த குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 முறை பால் குடிக்கும். இரட்டையர் என்றால் 16 முதல் 24 முறை பாலூட்ட வேண்டியிருக்கும். இச்சுமையைக் குறைக்க, இருவருக்கும் ஒரே நேரத்தில் பாலூட்டும் முறையைத் தாய் கற்றுக்கொள்ளலாம். யார் எப்போது பால் குடித்தார், எத்தனை முறை அரைக்கச்சை மாற்றப்பட்டது என்பவற்றைக் குறித்து வைப்பதும் நல்லது. தூக்கமின்றித் தவிக்கும் பெற்றோர் ஒரு பிள்ளைக்கே இருமுறை பாலூட்டி, மற்றதை மறந்துவிடக்கூடும். ஓயாமல் அழும் குழந்தையைக் கவனிக்கையில் அமைதியாகக் கிடக்கும் குழந்தையின் பசி தெரியாமல் போவதும் உண்டு.

நம் நாட்டு வேலைச் சட்டத் திருத்தத்தின்படி, 2023 ஜனவரி 1 முதல் தாய்க்கு 98 நாள் மகப்பேற்று விடுப்பும், தகுதியுள்ள தந்தைக்கு 7 நாள் விடுப்பும் வழங்கப்படுகின்றன. எத்தனை குழந்தைகள் பிறந்தாலும் சட்டம் அதனை ஒரே பேறாகவே கணக்கிடுகிறது. ஆகவே, உறவினரின் துணை இன்றியமையாதது. முன்பு தோட்டப்புறங்களில் தாய்மார் விடியற்காலையில் பால்மரம் வெட்டச் செல்லும்போது பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுச் செல்வர். ஒரு பிள்ளையைப் பலர் சேர்ந்து வளர்க்கும் அவ்வழக்கம் இன்று வேறு வடிவில் தேவைப்படுகிறது. பாட்டி ஒரு பிள்ளையைக் குளிப்பாட்டலாம். தந்தை மற்றதை உறங்க வைக்கலாம். அக்காளும் அண்ணனும் துணி மடித்துக் கொடுக்கலாம். தாய்க்குச் சில மணி நேர உறக்கம் கிடைத்தாலும் அது பெரும் உதவியாகும்.

பிள்ளைகள் வளர வளர மற்றொரு சிக்கல் தலைதூக்குகிறது. அதுதான் ஒப்பீடு. "இவன் நடக்கிறான், அவன் ஏன் இன்னும் தவழ்கிறான்?" என்று வருவோர் போவோரெல்லாம் கேட்பர். பிள்ளைகள் பலர் 12 முதல் 18 மாதத்திற்குள் நடக்கத் தொடங்குகின்றனர். இக்காலத்தினுள் ஒருவர் முந்துவதும் மற்றவர் பிந்துவதும் இயல்பே. பேச்சுத் திறனில் இரட்டையர் சற்றே பின்தங்குவதும் உண்டு. பெரியவர்களின் பேச்சு இருவருக்கும் பொதுவாகப் போய்விடுவதே இதற்கு ஒரு காரணம். ஆகவே, நாள்தோறும் சிறிது நேரமாவது ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி அழைத்து, முகம் பார்த்துத் தனியாகப் பேச வேண்டும். ஐயம் எழுந்தால், உடன்பிறந்தவரோடு ஒப்பிடாமல் அப்பிள்ளையின் பதிவேட்டைக் கொண்டு மருத்துவரிடம் கேட்பதே முறை.

பிள்ளைகளின் வளர்ச்சியைக் கவனிப்பது வேறு. அவர்களை வேடிக்கை பார்ப்பது வேறு. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் 1934 மே 28ஆம் நாள் டியோன் குடும்பத்தில் ஒரே பேற்றில் ஐந்து பெண் குழந்தைகள் பிறந்தனர். ஐவரின் மொத்த எடையே ஏறத்தாழ 6 கிலோகிராம்தான். ஆயினும், ஐவரும் பிழைத்தனர். 1935இல் மாநில அரசு அவர்களைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. ஆய்வாளர்கள் அவர்களின் வளர்ச்சியை நாள்தோறும் பதிவு செய்தனர். அவர்கள் விளையாடுவதைக் காணச் சில ஆண்டுகளில் ஏறத்தாழ 30 இலட்சம் பேர் திரண்டனர். 1943இல்தான் அவர்கள் பெற்றோரிடம் திரும்பினர். அதற்குள் பெற்றோர் அவர்களுக்கு அந்நியர்போல் ஆகியிருந்தனர். 1997இல் அமெரிக்காவில் ஒரே பேற்றில் ஏழு குழந்தைகள் பிறந்தபோது, உயிரோடிருந்த டியோன் சகோதரியர் மூவர் அப்பெற்றோருக்குக் கடிதம் எழுதினர். பிள்ளைகளைக் காட்சிப் பொருளாக்க வேண்டாம் என்று அதில் எச்சரித்தனர். 1998இல் மாநில அரசு அம்மூவருக்கும் 40 இலட்சம் கனடிய டாலர் இழப்பீடு வழங்கியது.

அந்த ஐவரும் உலகமே பார்த்திருக்க வளர்ந்தவர்கள். அவர்களைத் தனித்தனிப் பிள்ளைகளாகப் பார்த்தவர்களோ மிகச் சிலர். இரட்டையரைக் கண்டதும் "யார் மூத்தவர்?", "யார் கெட்டிக்காரர்?" என்று கேட்பது நம் வழக்கமாகிவிட்டது. இனி, "உன் பெயர் என்ன? உனக்கு என்ன பிடிக்கும்?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுப் பழகுவோம்.

கருத்துணர் கேள்விகள்

1. 'திருத்திய வயது' என்றால் என்ன? 34ஆம் வாரத்தில் பிறந்த குழந்தைக்கு 6 மாதம் ஆகும்போது அதன் திருத்திய வயதைக் கணக்கிடுக.
2. இரட்டையர் பேச்சுத் திறனில் பின்தங்குவதற்கு இப்பகுதி கூறும் காரணம் யாது?
3. 'கவனிப்பது வேறு, வேடிக்கை பார்ப்பது வேறு.' டியோன் சகோதரியரின் வாழ்வைக் கொண்டு விளக்குக.
4. உம் உறவினர் வீட்டில் இரட்டையர் பிறந்தால் நீர் எவ்வாறு உதவலாம்?