க்யூவைப் பெருசாக்கினா போதுமா?

ஒரு சர்வர் வினாடிக்கு 1,000 மெசேஜ் அனுப்புது. அதை வாங்கி வேலை செய்யும் சர்வரால் 800தான் முடிக்க முடியுது. என்ன செய்வீங்க? "நடுவுல ஒரு க்யூ வெச்சிடலாம்" என்பதுதான் பெரும்பாலும் வரும் பதில்.

கணக்குப் போட்டுப் பாருங்க. வினாடிக்கு 200 மிச்சம். 10 நிமிடத்தில் 1,20,000 மெசேஜ் தேங்கிடும். அப்போ வரும் புது மெசேஜ் தன் முறைக்கு 150 வினாடி காத்திருக்கணும். 1,20,000 பிடிக்கும் க்யூவை இரண்டு மடங்காக்கினா, நிறைய 20 நிமிடம் ஆகும், அவ்வளவுதான். சிறிது நேர நெரிசலைத்தான் க்யூ தாங்கும். தொடர்ந்து வரும் அதிகச் சுமையைத் தாங்காது.

மாடித் தொட்டி நிறைஞ்சா மோட்டாரை நிறுத்துறோம் இல்லையா? அதேபோல, வாங்குபவர் அனுப்புபவரிடம் "கொஞ்சம் மெதுவா" என்று சொல்வதுதான் பேக்பிரஷர். நெட்வொர்க்ஸ் பாடத்தில் படித்த டிசிபி விண்டோ நினைவிருக்கா? வாங்குபவரின் பஃபரில் இடமில்லை என்றால் விண்டோ பூஜ்யமாகும்; அனுப்புவது நிற்கும்.

அப்பாச்சி ஃபிளிங்க் இதே யோசனையை 1.5 பதிப்பிலிருந்து (2018) 'கிரெடிட்' முறையில் செய்கிறது. வாங்கும் டாஸ்க், தன்னிடம் எத்தனை பஃபர் காலி என்று சொல்லும். அனுப்பும் டாஸ்க் அவ்வளவுதான் அனுப்பும். ஒரு டாஸ்க் திணறினா, அதற்கு முந்தையது மெதுவாகும், பிறகு அதற்கும் முந்தையது. இப்படியே அழுத்தம் சோர்ஸ் வரை போகும். சோர்ஸ் காஃப்காவாக இருந்தா, ஃபிளிங்க் அதிலிருந்து எடுக்கும் வேகம் குறையும். மிச்சம் மெமரியில் இல்லாமல் காஃப்காவின் டிஸ்க்கில் பத்திரமா காத்திருக்கும்.

ஆனா ஒன்றை மறக்காதீங்க: பேக்பிரஷர் வேகத்தைக் கூட்டாது. டேட்டா எங்கே காத்திருக்கணும் என்பதை மட்டுமே அது மாற்றுகிறது. காஃப்காவும் டீஃபால்ட்டா 7 நாள்தான் வைத்திருக்கும். அதற்குள் எட்டிப் பிடிக்கலைன்னா டேட்டா போயிடும். நிறுத்தச் சொன்னாலும் நிற்காத சென்சார் போன்ற சோர்ஸ் என்றால், எதை விடலாம் என்று முன்கூட்டியே நீங்கதான் முடிவு பண்ணணும்.

திணறுவது எந்த டாஸ்க் என்று கண்டுபிடிக்க, ஃபிளிங்க் 1.13 முதல் வெப் பக்கத்தில் நிறம் உண்டு. கறுப்பு என்றால் தடுத்து நிறுத்தப்பட்ட டாஸ்க். சிவப்பு என்றால் மூச்சு முட்ட வேலை செய்யும் டாஸ்க். கறுப்புக்கு அடுத்து நிற்கும் சிவப்பைப் பிடிங்க. சரிசெய்ய வேண்டிய இடம் அதுதான், க்யூ இல்லை.