ஒரு வண்டி நூறு வண்டிகள் ஆவது எப்படி?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகியவை சென்னையின் மேற்குப் புறநகர்கள். ஏரிகளும் வயல்களும் நிறைந்திருந்த இப்பகுதியில் 1964-இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை தோன்றியது. அதே காலத்தில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் எழுந்தது. இன்று தொழிற்கூடங்களும் குடியிருப்புகளும் அடுத்தடுத்து நிற்கின்றன. பகல் ஷிப்டில் வேலை செய்வோர் இரவில் உறங்குகின்றனர். இரவு ஷிப்டுக்குச் செல்வோர் பகலில் உறங்குகின்றனர். ஆகவே, இங்கே எந்த நேரமும் யாருக்கேனும் உறங்கும் நேரமே. அந்த உறக்கத்தைக் கலைப்பவற்றுள் ஒன்று, சைலன்சர் மாற்றப்பட்ட மோட்டார் சைக்கிள். அதன் இரைச்சல் எவ்வாறு பிறக்கிறது, எவ்வளவு தூரம் பரவுகிறது, உடலை என்ன செய்கிறது என்பவற்றைக் காண்போம்.

இரைச்சல் பிறக்கும் விதம்

நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில், கிராங்க் தண்டு இரண்டு முறை சுழலும்போது சிலிண்டருக்குள் எரிபொருள் ஒரு முறை எரிகிறது. வால்வு திறந்ததும், அழுத்தம் மிகுந்த சூடான வாயு புகைக்குழாய்க்குள் பாய்கிறது. ஒரே சிலிண்டர் கொண்ட எஞ்சின் நிமிடத்திற்கு 3,000 சுற்றுகள் சுழன்றால், நொடிக்கு 25 முறை இவ்வாறு நிகழும். இந்த அழுத்தத் துடிப்புகளே நம் காதில் 'தடதட' என்று விழுகின்றன.

சைலன்சருக்குள் சிறு அறைகளும் துளையிட்ட குழாய்களும் உள்ளன. ஒலி அலைகள் அறைச் சுவர்களில் மோதித் திரும்புகின்றன. அப்போது ஓர் அலையின் முகடும் மற்றோர் அலையின் அகடும் சந்தித்தால் இரண்டும் ஒன்றையொன்று தேய்த்துவிடும். சில சைலன்சர்களில் கண்ணாடி இழைப் பஞ்சு அடைக்கப்பட்டிருக்கும். அதில் ஒலி ஆற்றல் வெப்பமாக மாறிவிடுகிறது. இந்த உறுப்புகளை நீக்கிவிட்டால் துடிப்புகள் தடையின்றி வெளியே வரும். சத்தம் கூடினால் திறன் கூடிவிட்டது என்று சிலர் எண்ணுகின்றனர். அது காதின் மயக்கமே.

டெசிபெல் கணக்கு

ஒலியின் அளவை டெசிபெல் என்னும் அலகால் குறிக்கிறோம். இது சாதாரண அளவுகோல் அன்று, மடக்கை அளவுகோல். 10 டெசிபெல் கூடினால் ஒலிச் செறிவு 10 மடங்காகும். 20 டெசிபெல் கூடினால் 100 மடங்காகும்.

இந்தியாவில் 175 சி.சி.க்கு மேற்பட்ட இருசக்கர வண்டி, தயாரிப்பு நிலைச் சோதனையில் 80 டெசிபெலைத் தாண்டக் கூடாது. வண்டி செல்லும் பாதையிலிருந்து 7.5 மீட்டர் தொலைவில் இது அளக்கப்படுகிறது. சைலன்சர் மாற்றப்பட்ட வண்டி ஒன்று அதே தொலைவில் 100 டெசிபெல் எழுப்புவதாக வைத்துக்கொள்வோம். வேறுபாடு 20 தானே என்று நினைக்கலாம். ஆனால் முறையான வண்டிகள் 100 ஒரே இடத்தில் ஒன்றாக இரைந்தால் எழும் ஒலிக்கு, அந்த ஒரு வண்டியின் ஒலி சமமாகும்!

இனித் தொலைவைக் கணக்கிடுவோம். திறந்த வெளியில் தொலைவு இரு மடங்கானால் ஒலி 6 டெசிபெல் குறையும். 7.5 மீட்டர் 15 ஆகி, 30 ஆகி, 60 ஆகி, 120 மீட்டர் ஆகும்போது 24 டெசிபெல் குறைந்திருக்கும். முறையான வண்டியின் ஒலி அங்கே 56 டெசிபெல். மற்றதன் ஒலி 76 டெசிபெல். இந்த இரண்டாவது வண்டியின் ஒலி 56 ஆகக் குறைய வேண்டுமானால் 1,200 மீட்டர் செல்ல வேண்டும். ஒலி எட்டும் வட்டத்தின் ஆரம் 10 மடங்கு என்றால் பரப்பு 100 மடங்கு அன்றோ? கட்டிடங்களும் மரங்களும் ஓரளவு தடுக்கும் என்பது உண்மை. ஆயினும் தொல்லைக்கு உள்ளாகும் வீடுகள் எவ்வளவு பெருகுகின்றன என்பது இதனால் விளங்கும்.

இரவில் மற்றொரு காரணமும் சேர்கிறது. தரை குளிர்வதால் அதையொட்டிய காற்றும் குளிர்கிறது. மேலே உள்ள காற்று சற்றே வெதுவெதுப்பாக இருக்கும். அப்போது மேல்நோக்கிச் செல்லும் ஒலி வளைந்து தரைக்கே திரும்புகிறது. தொலைவில் செல்லும் ரயிலின் ஓசை இரவில் தெளிவாகக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

உடலில் நிகழ்வது

நத்தை ஓடு போன்ற காக்ளியா நம் உட்செவியில் உள்ளது. அதில் சுமார் 15,000 நுண்ணிய மயிரிழைச் செல்கள் இருக்கின்றன. பேரொலியால் இவை அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை. ஆகவே முதல் கேடு வண்டியை ஓட்டுபவருக்கே.

தொலைவில் உள்ளவரின் செவி கெடாது, உறக்கம் கெடும். உறங்கும்போதும் செவி வேலை செய்துகொண்டே இருக்கிறது. திடீர் ஒலி கேட்டதும் இதயம் வேகமாகத் துடிக்கிறது. அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள் சுரக்கின்றன. விழிக்காதவர் உடலிலும் இது நிகழ்கிறது. மேற்கு ஐரோப்பாவில் போக்குவரத்து இரைச்சலால் ஆண்டுதோறும் குறைந்தது 10 லட்சம் நலவாழ்வு ஆண்டுகள் இழக்கப்படுவதாக உலக சுகாதார நிறுவனம் 2011-இல் மதிப்பிட்டது.

சட்டமும் சராசரியும்

இந்தியாவின் ஒலி மாசு விதிகள் 2000-ஆம் ஆண்டில் வந்தன. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபெல். தொழிற்பகுதிக்கு 75, 70 டெசிபெல் என அவை வரம்பு விதித்தன. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. இவை ஒரு கணத்தின் அளவுகள் அல்ல, சராசரி அளவுகள். இங்கேதான் ஒரு சிக்கல் உள்ளது.

இரவு முழுதும் 40 டெசிபெலாக இருக்கும் தெருவில், ஒரு வண்டி 10 நொடிகள் 76 டெசிபெல் எழுப்பிச் செல்கிறது என்க. அந்த எட்டு மணி நேரச் சராசரி சுமார் 44 டெசிபெல்தான் வரும். வரம்பு மீறப்படவில்லை, ஆனால் தொட்டிலில் இருந்த குழந்தை விழித்துவிட்டது! எனவே தெருவின் சராசரியை மட்டும் பார்த்தால் போதாது. வண்டியையே கட்டுப்படுத்த வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-ஆவது பிரிவு அதற்கு உதவுகிறது. இரைச்சல் வரம்பை மீறிய வண்டியை ஓட்டினால், 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ விதிக்கலாம்.

ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலமும் இதே வழியில் சென்றது. அங்குள்ள மலைப் பள்ளத்தாக்குகளில் இயல்பான ஓசை மிகக் குறைவு. சரிவுகள் ஒலியை எதிரொலிக்கின்றன. நிற்கும் நிலையில் 95 டெசிபெலுக்கு மேல் ஒலிக்கும் மோட்டார் சைக்கிள்கள் சில சாலைகளில் செல்ல 2020 கோடையில் அங்கே தடை விதிக்கப்பட்டது.

செய்து பாருங்கள்

இரவு 9 மணி முதல் 10 மணி வரை உங்கள் வீட்டுச் சன்னலருகே அமருங்கள். ஒரு மீட்டர் தள்ளி அமர்ந்த ஒருவருடன் இயல்பான குரலில் பேசுங்கள். பேச்சு எத்தனை முறை தடைப்படுகிறது, எவ்வகை வண்டியால் என்று பட்டியலிடுங்கள். மறுநாள் வகுப்பில் எல்லோருடைய பட்டியலையும் ஒப்பிடுங்கள். கடந்து சென்ற வண்டிகளின் மொத்த எண்ணிக்கையோடு, பேச்சைத் தடுத்தவற்றின் எண்ணிக்கையையும் எழுதிப் பாருங்கள். உங்கள் தெருவின் அமைதியைக் கெடுப்பவை பல வண்டிகளா, சில வண்டிகளா என்பதற்கு விடை அதில் கிடைக்கும்.