அடுக்குமாடிக்கு முப்பது வருஷக் கணக்கு

பல குடியிருப்போர் சங்கங்களில் லிஃப்ட் நின்ற பிறகுதான் பொதுக்குழு கூடுகிறது. வீட்டுக்கு இவ்வளவு என்று திடீரென்று பெருந்தொகை கேட்டால், பென்ஷனில் வாழ்பவர் எங்கே போவார்? கட்டடம் எந்த வருஷம் எவ்வளவு கேட்கும் என்பதை முன்கூட்டியே ஓரளவு கணித்துவிடலாம். சென்னையில் இருபது வயதான, 24 வீடுகள் கொண்ட ஒரு கட்டடத்தை மனத்தில் வைத்துச் சொல்கிறேன்.

முதல் வேலை பட்டியல். எக்செல் தாளில் பொதுச் சொத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி: சம்ப், மோட்டார், ஓவர்ஹெட் டேங்க், லிஃப்ட், கழிவுநீர்க் குழாய், மின் பேனல், வெளிச்சுவர் பெயின்ட். 'மொட்டை மாடி' என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். தட்டோடு, கைப்பிடிச் சுவர், மழைநீர்க் குழாய் மூன்றும் வெவ்வேறு வருஷத்தில் பழுதாகும். போட்ட வருஷம், அளவு, கடைசிப் பழுதின் தேதி, செலவு ஆகியவற்றைப் பழைய வவுச்சர்களிலிருந்து எடுத்து நிரப்புங்கள்.

அடுத்து ஒரு சிவில் இன்ஜினியருடன் கட்டடத்தைச் சுற்றி வாருங்கள். நவம்பர், டிசம்பர் மழை ஓய்ந்த கையோடு போவது நல்லது. ஓதம் அப்போதுதான் ஒளியாமல் தெரியும். ஒவ்வொரு வரிக்கும் 1 முதல் 4 வரை மதிப்பெண்: 1 நன்று, 2 தேய்மானம், 3 பழுது, 4 ஆபத்து. போட்டோவும் தேதியும் கட்டாயம். விரிசல் இருந்தால் அதன் குறுக்கே சிமென்ட் பூச்சுப் பட்டை ஒன்று வைத்துத் தேதி எழுதுங்கள். அடுத்த வருஷம் பட்டையும் வெடித்திருந்தால் விரிசல் வளர்கிறது. காரை பெயர்ந்து கம்பி தெரியும் இடத்தில் கான்கிரீட்டை உடைத்து, புதிதாக உடைந்த முகத்தில் பினாப்தலின் கரைசல் தெளிக்கச் சொல்லுங்கள். இளஞ்சிவப்பாக மாறினால் கான்கிரீட்டின் காரத்தன்மை இன்னும் கம்பியைக் காக்கிறது. கம்பி வரை நிறம் மாறவில்லை என்றால் அந்தக் காப்பு போய்விட்டது. பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் இது மட்டும் போதாது, உப்புச் சோதனையும் வேண்டும். நிறம் மாறினாலும் அங்கே உப்பு கம்பியை அரித்துவிடும்.

இனி தாளைப் படிக்க வேண்டும். சராசரி எடுக்கவே எடுக்காதீர்கள். மொத்தக் கட்டடத்துக்கும் சராசரி 2 வரலாம். ஆனால் 4 வாங்கிய ஒரே ஒரு சன்ஷேட் விழுந்தால் உயிர் போகும். 4 எல்லாம் திட்டத்துக்கு வெளியே, இந்த மாதமே செய்ய வேண்டியவை. பிறகு இடவாரியாக அடுக்கிப் பாருங்கள். முதல் மாடி, இரண்டாம் மாடி, மூன்றாம் மாடி என ஒரே வரிசைக் குளியலறைகளில் ஓதம் என்றால் அது மூன்று பழுதல்ல, டக்டில் இறங்கும் ஒரே குழாய். வீடு வீடாகப் பூசிக்கொண்டிருந்தால் பணம் வீணாகிக்கொண்டே இருக்கும். ஒரே மோட்டாருக்கு மூன்று வருஷத்தில் நான்கு வவுச்சர் இருந்தால் அதை மாற்றும் வருஷம் வந்துவிட்டது.

மீதி ஆயுளைக் கணிக்க, வெளி பெயின்ட்டுக்கு 5 முதல் 7 வருஷம், லிஃப்டுக்கு 20 முதல் 25 என்ற பொது அளவிலிருந்து தொடங்கலாம். ஆனால் வயதைவிட மதிப்பெண்ணை நம்புங்கள். நன்றாகப் பார்த்துக்கொண்ட பழைய டேங்க், கவனிக்காத புதிய டேங்கைவிட நாள்படும்.

இன்றைய விலையை அப்படியே எழுதக் கூடாது. ஒரு உதாரணம்: தட்டோடு மாற்ற இன்று 6 லட்சம், மீதி ஆயுள் 8 வருஷம், விலை ஆண்டுக்கு 7 சதவீதம் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது செலவு சுமார் 10.3 லட்சம். 24 வீடு, 96 மாதம் என்று வகுத்தால் வீட்டுக்கு மாதம் ஏறத்தாழ 450 ரூபாய். டெபாசிட் வட்டியைச் சேர்க்கவில்லை. கணக்கு தவறினால் அது தாங்கும். ஒவ்வொரு வரிக்கும் இப்படிப் போட்டுக் கூட்டினால் கார்பஸ் ஃபண்டுக்கு மாதாமாதம் எவ்வளவு என்பது வந்துவிடும். அதை அன்றாட மெயின்டனன்ஸ் கணக்கோடு கலக்காமல் தனி வங்கிக் கணக்கில் போடுங்கள்.

சில வருஷங்களில் செலவு குவியும். லிஃப்டும் பெயின்ட்டும் ஒன்றாக வந்தால் பெயின்ட்டை இரண்டு வருஷம் தள்ளலாம், அதற்குள் விரிசல்களை மட்டும் அடைத்துவிட்டு. மொட்டை மாடியைத் தள்ளக் கூடாது: ஒரு மழைக்காலம் கசிந்தாலே ஸ்லாப் கம்பி துருப்பிடிக்கத் தொடங்கும், தட்டோட்டுச் செலவு ஸ்லாப் செலவாக மாறும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மறுபடி சுற்றி வந்து, மதிப்பெண் மாறிய வரிகளின் கணக்கைத் திருத்தி, அந்தத் தாளை நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள்.