கோஹிமாவில் ஒரு நாள்

நான் படித்த பாடத்தில் கோஹிமாப் போர் ஒரே வரி. நாகாலாந்து சென்றிருந்த எங்கள் மாணவர் குழுவுக்கு அக்களத்தைக் காட்ட நாகா முதியவர் ஒருவர் வழிகாட்டியாக வந்தார்.

முதலில் டென்னிஸ் ஆடுகளம். 1944 ஏப்ரலில் துணை ஆணையர் மாளிகையைச் சேர்ந்த இதன் ஒருபுறம் ஜப்பானியர். மறுபுறம் ஆங்கிலேயரும் இந்தியரும். நீளம் 78 அடிதான்! எறிகுண்டுகளைக் கையாலேயே வீசிக்கொண்டனராம். மாளிகை இன்றில்லை; ஆடுகளக் கோடுகளை வெண்ணிறக் கான்கிரீட்டில் காத்து வருகின்றனர். முதியவர் அடிவைத்து அளந்து காட்டினார். அவ்வளவு அருகில் எதிரியின் இருமல்கூடக் கேட்டிருக்கும்.

சரிவெங்கும் 1,420 கல்லறைகள். நண்பர்கள் படமெடுத்துக்கொண்டு கீழே இறங்கினர். முதியவர் என்னை மட்டும் மேலே அழைத்தார். உச்சியில் எரியூட்டு நினைவகம். தங்கள் சமய முறைப்படி எரியூட்டப்பட்ட 917 இந்து, சீக்கிய வீரர்களின் பெயர்கள் அங்கே உள்ளன. நாற்பது பெயர் படிப்பதற்குள் கீழிருந்து பேருந்தின் ஒலி அழைத்தது.

படைகளுக்குச் சுமை தூக்கிய, காயமுற்றோரைச் சுமந்து இறக்கிய நாகா மக்களின் பெயர்கள் எங்கே என்று கேட்டேன். முதியவர் பதில் சொல்லவில்லை. போரில் பெரிதும் அழிந்து மீண்டும் எழுந்த கோஹிமாக் கிராமத்தைக் கைநீட்டிக் காட்டினார்.