பேனா பிடித்தால் கை இழுக்கிறதா?

சாப்பிட, சட்டைப் பொத்தான் போடத் தொல்லை இல்லை. எழுத உட்கார்ந்தால் மட்டும் விரல்கள் இறுகி மணிக்கட்டு மடங்குகிறதா? டிஸ்டோனியா என்னும் நரம்பியல் கோளாறாக இருக்கலாம். நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

1. எழுதும்போது கை இழுப்பதை வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். சும்மா இருக்கும் கையைப் பார்த்தால் எதுவும் தெரியாது.

2. தடித்த பேனா வாங்குங்கள், அல்லது ரப்பர் பிடி மாட்டுங்கள். மெல்லிய பேனா என்றால் விரல் இன்னும் இறுகும். ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே பேனாவைச் செருகியும் எழுதிப் பாருங்கள். சிலருக்கு இதிலேயே பிடி தளரும்.

3. மறு கையால் மணிக்கட்டை லேசாகத் தொட்டுக்கொண்டு எழுதுங்கள். அழுத்த வேண்டாம்; தொடுகையே சிலருக்கு இழுப்பைத் தணிக்கிறது.

4. 'நோட்டு நோட்டாக எழுது, சரியாகிவிடும்' என்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். கோளாறு கையின் பலத்தில் இல்லை, மூளை தரும் கட்டளையில்.

5. இறுகும் தசையைத் தளர்த்த மருத்துவரிடம் போட்டாக்ஸ் ஊசி போட்டுக்கொண்டால் தேதியைக் குறித்து வையுங்கள். பலன் சுமார் 3 மாதத்தில் குறையும். ஊசிக்குப் பின் விரல் சில வாரம் தளர்ந்திருக்கலாம். அப்போது வெந்நீர்ப் பாத்திரம் தூக்காதீர்கள்.

6. வங்கியில் புதிய மாதிரிக் கையெழுத்து கொடுங்கள். கையெழுத்து மாறினால் காசோலை திரும்பி வரும்.