தேயிலைத் தோட்டத்தில் சைக்கிளா? இதைப் படிங்க!

நீலகிரியின் சரளைப் பாதைகளில் சைக்கிள் மிதிக்க ஆசையா? கிளம்பும் முன் சில குறிப்புகள்...

* முதல் நாளே ஊட்டி ஏற்றம் வேண்டாம். குன்னூர் சுமார் 1,850 மீட்டர். ஊட்டி 2,240 மீட்டர். ஒரு நாள் தங்கி, உடம்பு பழகியதும் ஏறுங்கள்.

* சரளையில் 40 மி.மீ. அகல டயர் நல்லது. காற்றைச் சற்றுக் குறைத்தால் வழுக்காது.

* இறக்கத்தில் பிரேக்கை விடாமல் பிடித்தால் சூடேறிவிடும். விட்டு விட்டுப் பிடியுங்கள். கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள்; புதியவர்கள் தவிர்க்கலாம்.

* எஸ்டேட் பாதைகள் பெரும்பாலும் தனியார் நிலம். அனுமதி கேட்டு நுழையுங்கள்.

* காட்டெருமை எதிர்ப்பட்டால் மணி அடிக்காதீர்கள். தூரத்திலேயே நின்று, அது விலகிய பின் செல்லுங்கள். அந்தி சாய்ந்தால் சவாரி வேண்டாம்.

* மழைக்காலத்தில் அட்டை கடிக்கும். கொஞ்சம் உப்பு வைத்திருங்கள். டிசம்பர், ஜனவரியில் உறைபனி. கையுறை, ஜெர்கின் அவசியம்.

* பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மாவட்டத்தில் தடை. எவர்சில்வர் பாட்டில் எடுத்துச் செல்லுங்கள்.

* மாற்று ட்யூப், பம்ப் கையில் இருக்கட்டும். தோட்டத்துக்குள் பஞ்சர் கடை கிடையாது!