வாங்கும் முன் ஓட்டிப் பாருங்கள்!

கொட்டிவாக்கத்தில் என் பக்கத்து வீட்டுக்காரர், பெருங்குடியில் இட்லி மாவு பாக்கெட் போடும் சிறிய பட்டறை வைத்திருக்கிறார். ஒருநாள், "சார், சீல் போடுற இடத்துல பாக்கெட் மலையா குவியுது. கடன் வாங்கி இன்னொரு சீலிங் மெஷின் போடப் போறேன்" என்றார். "முதலில் கணிப்பொறியில் ஓட்டிப் பார்ப்போம்" என்றேன்.

இதற்குத்தான் சிமுலேஷன் என்று பெயர். ஐபிஎம் நிறுவனத்தின் ஜெஃப்ரி கார்டன் 1961-ல் உருவாக்கிய ஜிபிஎஸ்எஸ், இத்துறையின் முன்னோடி மென்பொருட்களில் ஒன்று. அது முடிவுகளை எண்களாக அச்சிட்டுத் தந்தது. இன்று பொருட்கள் நகர்வதையும் வரிசை நீள்வதையும் திரையிலேயே பார்க்கலாம்.

நான் பயன்படுத்தியது ஜாம்சிம் என்ற இலவச மென்பொருள். முதலில் கடிகாரத்துடன் பட்டறைக்குப் போய் நேரம் குறித்தேன். ஒரு பாக்கெட்டில் மாவு நிரப்ப 10 விநாடி, சீல் போட 15, லேபிள் ஒட்ட 18. பிறகு செய்தவை இவை:

1. பாக்கெட்டுக்காக ஒரு சிம் என்டிட்டி, மாவு நிரப்புவதற்கு ஒரு என்டிட்டி ஜெனரேட்டர், சீலுக்கும் லேபிளுக்கும் தலா ஒரு கியூ, ஒரு சர்வர், கடைசியில் ஒரு என்டிட்டி சிங்க் ஆகியவற்றை மவுஸால் இழுத்துத் திரையில் வைத்தேன்.
2. ஒவ்வொன்றையும் க்ளிக் செய்து, அதற்குரிய நேரத்தையும் பாக்கெட் அடுத்துப் போக வேண்டிய இடத்தையும் கொடுத்தேன்.
3. ஒரு மணி நேரத்துக்கு ஓட்டினேன்.

சீல் முன்னால் சுமார் 120 பாக்கெட் தேங்கியது, லேபிள் முன்னால் 40. வெளியே வந்தது சுமார் 200.

இன்னொரு சீலிங் மெஷினைச் சேர்த்தேன். குவியல் அப்படியே லேபிள் மேஜைக்கு இடம் மாறியது. வெளியே வந்ததோ அதே 200! நண்பர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த மெஷினை எடுத்துவிட்டு, லேபிள் ஒட்ட இன்னொருவரைச் சேர்த்தேன். இப்போது 240. அதன் பிறகு சீலிங் மெஷினையும் சேர்த்தால் 360.

பெரிய குவியல் இருக்கும் இடம்தான் மெதுவான இடம் என்று நினைக்காதீர்கள். முன்னால் இருப்பவர் வேகமாகத் தள்ளினாலும் குவியும். வரிசையில் அதிக நேரம் எடுக்கும் வேலைதான் உற்பத்தியின் அளவைத் தீர்மானிக்கிறது.

ஓர் எச்சரிக்கை. மனிதர் கை எப்போதும் ஒரே வேகத்தில் ஓடாது. அதனால் நேரத்தைப் பலமுறை அளந்து, குறைந்தது, அதிகம் இரண்டையும் கொடுத்து ஓட்டுங்கள். தவறான நேரம் கொடுத்தால் அழகான படம் வரும், ஆனால் முடிவு தவறாகவே இருக்கும்.

நண்பர் கடனைத் தள்ளி வைத்துவிட்டு, லேபிள் மேஜைக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்.